பிரித்து எழுதுக

ஒஷாவாவில் மார்ச் கடைசி ஞாயிறு.
பனி போய் உப்பு மட்டும்
வீதியோரம் வெள்ளையாக மிச்சம்.
மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடிய கொரோலா
முன் இடது பக்கத்தை ஜாக்கியில் கொடுத்துவிட்டு நிற்கிறது,
ஊசிக்குக் கை நீட்டியவன்
முகத்தைச் சுவருக்குத் திருப்பிக்கொள்வதுபோல.

கராஜில் ஆயிரத்து நூறு கேட்டார்கள்.
"நாங்களே கழட்டுவம்" என்றான் வாகீசன்.
போன ஆவணியிலிருந்து
அவன் எனக்கு நானூறு டொலர் தரவேண்டும்.
அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.
நிலவறையில் ஒரு அறை, இரண்டு மெத்தை, ஒரு குசினி.
இவ்வளவு கிட்ட இருந்துகொண்டு
ஒன்றைப் பேசாமல் இருக்க நல்ல பழக்கம் வேண்டும்.

சில்லைக் கழற்றினோம்.
பிரேக்கைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டோம்.
துருவில் பாதி கரைந்த ஊசி
துண்டு துண்டாக வந்தது.
நட்டும் கழன்றது.
முடிந்தது என்று கை துடைத்தோம்.

நட் எதையும் பிடித்து வைத்திருக்கவில்லை.
கூம்புத் தண்டு கூம்புத் துளைக்குள்
பதினான்கு குளிர்காலம் இறுகி
இரண்டும் ஒரே இரும்பாகிக் கிடந்தன.

விஞ்ஞானப் பாடத்தில்
இதன் பெயர் பந்துக்கிண்ண மூட்டு.
தோளிலும் இடுப்பிலும் இருக்கும்,
எல்லாத் திசையிலும் திரும்பும் என்று எழுதி
ஐந்து புள்ளி வாங்கியிருக்கிறேன்.
தமிழ்ப் பாடத்தில், இரண்டு சொல் சேருமிடத்தில்
தோன்றல், திரிதல், கெடுதல்.
இங்கே மூன்றும் நடந்திருந்தது:
துரு தோன்றி
ரப்பர் திரிந்து
கிரீஸ் கெட்டு.
பிரித்து எழுதுக. இரண்டு புள்ளி.

"தண்டிலை அடியாதை, காதிலை அடி."
அடித்தேன்.
இரண்டு கிலோ சுத்தியலின் ஒவ்வொரு அடிக்கும்
மேல்வீட்டு ஒலிவேரா அம்மாவின் திரை
ஒரு விரல் அகலம் விலகி மூடியது.
எண்ணெய் விசிறினோம்.
நெருப்புக் காட்டினோம்.
அவன் அடித்தான்.
கார் முழுக்க ஆடியது, அது மட்டும் ஆடவில்லை.

கடைக்குப் போய்
இழுத்துப் பிரிக்கும் கருவியை
வாடகைக்கு எடுத்துவந்தோம்.
முற்பணம் நூற்றறுபது, என் கார்டில்.
வாகீசன் அந்த நேரம்
வைப்பர் விலை பார்த்துக்கொண்டு நின்றான்.

கருவியின் தாடையைக் கொடுத்து
திருகத் திருக
சாவியின் கைப்பிடி வளையத் தொடங்கியது.
மழையும் தொடங்கியது.
"அப்பிடியே விடு" என்றான்.
"நட்டை மூண்டு சுத்து பூட்டி விடு,
கழண்டாலும் விழாது.
வா, சாப்பிடுவம்."

பாணும் ரின்மீன் குழம்பும்.
விறைத்த விரல்களால்
பாணைக்கூட ஒழுங்காகப் பிரிக்க முடியவில்லை.
படுத்தோம்.

இரவு இரண்டு பத்துக்கு வெளியே
ஒரு வெடி.

கண் திறந்தபோது நான் தரையில், குப்புற,
கைகள் காதில்.
இரண்டு மெத்தைகளுக்கும் நடுவிலிருந்த கார்ப்பெட்டில்
எனக்கு ஒரு முழம் தள்ளி
வாகீசனும் குப்புற,
வாய் திறந்தபடி.
அப்படி வாயைத் திறந்து வைக்க
எங்களில் யாருக்கும் இங்கே ஒருவரும் சொல்லித் தரவில்லை.

பிரிட்ஜ் இரைந்துகொண்டிருந்தது.
அவன் என்னைப் பார்த்தான், நான் அவனை.
எட்டு மாதம் ஒரே அறையில் இருந்து
கேட்டுக்கொள்ளாத ஒன்றுக்கு
இருவரும் பதில் சொல்லி முடித்திருந்தோம்.

"மூட்டு" என்றான் மெதுவாக.
"மூட்டடா."

சப்பாத்தை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினோம்.
மேலே விளக்கு எரிந்தது,
ஒலிவேரா அம்மா போர்த்துக்கீசில் ஏதோ கேட்டார்.
மழையில்
யாரும் தொடாத நேரமாகப் பார்த்து
தண்டு துளையை விட்டிருந்தது.
கீழ்க்கை ஒரு அங்குலம் இறங்கி
மூன்று சுற்று நட்டில் தொங்கியது.
பிரிந்த இடத்தில்
இரும்பு புதிதாக மினுங்கியது.

வாகீசன் குந்தியிருந்து அதைத் தடவிப் பார்த்தான்.
பிறகு, என்னைப் பாராமல்,
"அந்த நானூறு..." என்று தொடங்கினான்.

"டோர்ச்சை இங்காலை பிடி" என்றேன்.
பிடித்தான்.