சோடா திறக்கும் சத்தம்

சனிக்கிழமை. பால்வெட்டு முடிந்து இறங்கும்போது மணி பத்தரை.
கையில் ரப்பர் வாடை. எந்தச் சோப்புக்கும் போகாது.
குலசேகரம் முக்கில் குமாரதாஸ் கடையில்
"ரெண்டு சோடா" என்றேன்.
அவன் சோடாவை எடுக்கவில்லை, முகத்தைப் பார்த்தான்.
"என்ன அண்ணே, பின்னேயும் தொடங்கியாச்சா?"
"இல்லடே, நாரங்காய் வெள்ளத்துக்கு."
"ஆமா ஆமா" என்றான்,
கடையில் நின்ற நாலு பேருக்கும் கேட்கிற மாதிரி.

மூன்று வருஷமும் நாலு மாசமும் ஆகிறது.
நாக்கு மறந்துவிட்டது. ஊர் மறக்கவில்லை.

போன வாரம் லில்லிபாயின் சுகர் இருநூற்று எழுபது.
தக்கலையில் டாக்டர் சிவப்புப் பேனாவால்
அந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.
கணக்கு டீச்சர் அவள்,
எத்தனையோ பிள்ளைகளின் தப்பை வட்டமிட்டவள்,
பேசாமல் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.
நன்னாரி சர்பத் போச்சு.
பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரே மடக்கில் குடிக்கும்
திராட்சை ஜூஸும் போச்சு.
பானைத் தண்ணீரை எட்டிப் பார்த்து
"இதுல என்ன இருக்கு?" என்றாள்.

அப்படித்தான் நான் அடுக்களைக்குள் வந்தேன்.

கிணற்றடியில் துளசி. பழைய பெயின்ட் வாளியில் புதினா.
கற்பூரவல்லி ஒரே ஒரு இலை,
ரெண்டு போட்டால் இருமல் மருந்து;
முதல் நாள் அப்படித்தான் ஆயிற்று.
இஞ்சியை நசுக்கினால் போதும்.
புதினாவை உள்ளங்கையில் வைத்து
மறுகையால் ஒரு தட்டு, அவ்வளவே.
கசக்கினால் கசக்கும்.
தமிழே சொல்லி வைத்திருக்கிறது, நான்தான் கேட்காமல்
ரெண்டு நாள் கசக்கிப் பார்த்தேன்.

நாரத்தைத் தோல் மட்டும் எனக்கு எளிது.
வெள்ளை வராமல் சீவ வேண்டும்.
தடியில் கத்தி படாமல் பட்டை சீவுகிற கை,
தினம் முந்நூறு மரம்.

நாரங்காய் ஒன்றரை. கல்லுப்பு நாலு பரல்.
ஐஸ்.

சோடா கடைசியில்.
டம்ளரைச் சாய்த்துப் பிடித்து
ஓரமாய் நூல்போல இறக்கினால் கேஸ் நிற்கும்.
இதை யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.
எத்தனை ராத்திரி, எத்தனை டம்ளர்.
அதே கைதான்.

மூடியைத் திருகினேன்.

ஸ்ஸ்ஸ்

அடுத்த அறையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.
பேனா நின்றது.
பேனா நிற்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

இந்த ஸ்ஸ்ஸுக்குப் பிறகு
எங்கள் வீட்டில் உடைந்தவை:
ஒரு சுவர்க் கடிகாரம்,
ஜெபினின் ஜியாமெட்ரி பாக்ஸ்,
அவளுடைய இடது மணிக்கட்டு.

கதவோரம் வந்து நின்றாள்.
உள்ளே வரவில்லை. மூக்குதான் முதலில் வந்தது.
துளசி. இஞ்சி. நாரத்தை.
இன்னொன்றையும் தேடினாள்,
கொஞ்ச நேரம் நின்றே தேடினாள்.
பிறகு மூச்சை விட்டாள்.

நீட்டினேன்.
டம்ளர் வெளியெல்லாம் வேர்த்திருந்தது. நானும்தான்.

ஒரு மடக்கு. குமிழி மூக்கில் ஏற, கண்ணை இறுக்கினாள்.
"சீனி?"
"இல்ல."
"கள்ளம் சொல்லாண்டாம்."
"ஒரு தரி கிடையாது."
டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்,
விடை சரியாக இருந்து
வழிமுறை எழுதாத பிள்ளையின் தாளைப் பார்க்கிற மாதிரி.

"உப்பு ஒரு பரல் கூடுதல்" என்றாள்.
மிச்சத்தை என் பக்கம் நகர்த்திவிட்டு
திரும்பவும் தாள் திருத்தப் போனாள்.

இன்னொரு சோடா பிரிட்ஜில் இருக்கிறது.
நாளைக்கு, மூடியில் கை வைப்பதற்கு முன்,
"லில்லி, சோடா திறக்கப் போறேன்" என்று
ஒரு குரல் கொடுக்க வேண்டும்.