நூறு மீட்டர்

மூன்று நாளாய்க் கட்டியிருக்கிறேன்.
ஒருவரும் விலை கேட்கவில்லை.
ஐஸ் ஏற்ற வந்த மரியநேசன் மட்டும்
"அக்கா, ஆம்பிளையளின்ர மணிக்கூடெல்லோ" என்றான்.
"ஓம், பெட்டியிலயும் அப்பிடித்தான் கிடந்தது" என்றேன்.

வெள்ளை எனாமல் முகம்.
நெருப்பில் வாட்டி நீலமேறிய இரண்டு முட்கள்.
பன்னிரண்டுக்குக் கீழே சின்ன அரைவட்டம்,
இன்னும் எத்தனை மணிநேரம் ஓடுவேன் என்று
கேட்காமலே சொல்கிறது.
என் ஜெனரேட்டர் இந்த நாணயத்தை
ஒருநாளும் காட்டியதில்லை.

முதுகில் கண்ணாடி.
பின்னேரம் கணக்குக் கொப்பியை மூடிவிட்டுக்
கவிழ்த்துப் பார்த்தபடி இருப்பேன்.
மயிரிலும் மெல்லிய சுருள் விரிந்து, ஒடுங்கி,
விரிந்து.
சிவப்புக் கல் பதித்த குழிகளில்
அச்சுகள் சுழல,
ஒரு சண்டையும் இல்லாமல்
பல்லுக்குப் பல் இடம் விடுகிறது.

எல்லாம் ஒரே வீட்டில் பிறந்தவையாம்.
வில்லும் பாலமும் கண்ணுக்குத் தெரியாத திருகாணியும்
அந்தப் பட்டறைக்குள்ளேயே வெட்டி
அங்கேயே மினுக்கியது.
குருநகரில் என் தொழிற்சாலையை நினைக்கச் சிரிப்பு வரும்.
கொம்பிரசர் இத்தாலி.
மோட்டார் கோயம்புத்தூர்.
பெல்ட், சுன்னாகத்தில் தில்லையம்பலம் கடையில்
கடனுக்கு எடுத்தது.
ஒன்றின் பாஷை மற்றதுக்குத் தெரியாது.
இரவு முழுக்கக் கத்திக் கத்தி
விடியக் கட்டி கட்டியாய்த் தந்துவிடும்.
அதுவும் குடும்பம்தான்.

பதினாலு வருஷ ஐஸ் இந்தக் கையில் இருக்கிறது.
மற்றதெல்லாம் யாரையாவது கேட்டு வாங்கினேன்.

கடலுக்கென்று செய்தது.
நூறு மீட்டர் தாங்குமென்று
முகத்தின் அடியில் எறும்பெழுத்து.
ஞாயிறு பூசை முடிய
சேலையைச் செருகிக்கொண்டு பண்ணைக் கடலில் இறங்கினேன்.
நண்டு வலைக் கம்புகளைத் தாண்டினேன்.
முழங்கால்.
இன்னும் நடந்தேன்.
முழங்கால்.
றோட்டால் போன ஊர்காவற்றுறை பஸ்
எனக்கோ மாட்டுக்கோ ஹோர்ன் அடித்தது.
மணிக்கட்டுக்குக் கடல் எட்டவில்லை.
நான்தான் குனிந்தேன்.

தண்ணீருக்குள் வினாடி முள்
கொஞ்சம் பருத்துத் தெரிந்தது, நிற்கவில்லை.
ஒரு திரளிக் குஞ்சு வந்து கண்ணாடியை முட்டிப் பார்த்துத்
தனக்குச் சரிவராதென்று போயிற்று.

நாளுக்கு மூன்று வினாடி முந்துகிறது.
கொழும்புக்கு அனுப்பினால் திருத்தித் தருவார்களாம்.
தேவையில்லை.
என்ர தொழிலில்
பிந்தினால்தான் மீன் நாறும்.