கட்டம் நிரப்புக

மார்த்தாண்டம் மேம்பாலத்தை ஒட்டிய
இரண்டாம் மாடி ஜெர்மன் வகுப்பு.
நைட் டூட்டி முடித்த கண்களோடு
ஐரோப்பாவைக் கட்டங்களில் அடுக்குகிறோம்.

பவேரியா இங்கே.
பாஸ்க் தனியாக.
சிசிலிக்கு எலுமிச்சையும் கிரேக்கத் தூண்களும்.

அல்சாஸில் பேனா நின்றது.
தெருப்பலகையில் இரண்டு மொழி,
கல்லறையில் செத்த வருஷத்தின் மொழி.

"ஏதாவது ஒண்ணுல போடு மக்களே,
மார்க் போயிரும்" என்றார் ஷாஜின் சார்.

பாறசாலையில் பஸ் ஏறினால் நான் பாண்டி.
தோவாளையில் பூ வாங்கினால் மலையாளத்தி.
மரச்சீனி வேகும் வீட்டில்
யாரும் கேட்பதில்லை.

கோட்டின் மேலேயே எழுதினேன்,
பாதி எழுத்து அந்தப்பக்கம் விழ.

சிவப்பு மை சுழித்தது.

அடுத்த கேள்வி:
நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள்?
முழு வாக்கியத்தில் விடை தருக.