எதற்கும் உதவாத கசப்பு

குவாங்சோவிலிருந்து வந்த பெட்டிகளில்
நாற்பது கிலோ புல்.
வெள்ளைப்பூப் பாம்புநாக்கு என்று பெயராம்.
சுங்கத்தில் மூன்று கிழமை கிடந்தது.
மோப்பநாய் இரண்டு தரம் சுற்றிவந்து
தும்மிவிட்டுப் போனது என்றார்கள்.

அவித்து வடித்துத் தூளாக்கியதை
நாக்கில் வைத்தேன்:
முதலில் மண், பிறகு வைக்கோல்,
கடைசியில், தொண்டையின் வாசலில்
கதிரை போட்டு உட்கார்ந்துகொள்ளும் ஒரு கசப்பு.

என் வேலை அதற்கொரு பொய் செய்வது.
பாதிப்பேருக்குப் புல்.
பாதிப்பேருக்கு
புல்லைப் போலவே கசக்கும் ஒன்றுமில்லாமை.
எது யாருக்கென்று கட்டிக்காரருக்கும் தெரியாது,
கட்டியை அளக்கும் டொக்டருக்கும் தெரியாது.

ஒன்றுமில்லாததைத் தேடி
கேபோஸ் லேனுக்குப் போனேன்.
சாக்குகளின் நடுவிலிருந்து நானா கேட்டார்:
'என்ன வருத்தத்துக்கு, மகள்?'
'ஒரு வருத்தத்துக்கும் இல்லை. கசந்தால் போதும்.'
நிலவேம்பை எடுத்தார். காய்ச்சலுக்கு.
வெந்தயம், சீனி வருத்தத்துக்கு.
வேப்பம்பட்டை, பாகல் வற்றல், கடுகுரோகிணி,
தொட்டதெல்லாம் யாரையாவது சுகப்படுத்திவிடும்.
'இந்தத் தெருவுல சும்மா கசப்பு இல்ல.
அது வேணுண்டா ஊட்டுக்குப் போங்க.'

மாச்சத்து, கருக்கிய சீனி,
பெயர் நீண்ட இரசாயனம் துளியிலும் துளி.
பதினாறாவது கலவையில்
பேராசிரியர் விதானகே இரண்டு கோப்பையையும் குடித்து
மாற்றிச் சொன்னார்.
அன்று லேபில் கேக் வெட்டினோம்.

மகரகமையில் வியாழன்தோறும்
மிச்சப் பொட்டலங்களை எண்ணி வாங்குவேன்.
இருபத்துமூன்றாம் இலக்கம். கொட்டாஞ்சேனை.
த்ரீவீல் ஓட்டியவர். ஈரல்.
வெறும் பொட்டலங்களையும் மடித்து
லொத்தர்ச் சீட்டுக்கட்டு மாதிரி ரப்பர் போட்டுத் தருவார்.
'என்ர புல் நல்லாக் கசக்குது, மிஸ்.
நல்ல சாமான் போல.'
ஓம் என்று சொல்ல எனக்கு அனுமதி இல்லை.
இல்லை என்று சொல்லவும்.
தராசில் ஏறச் சொன்னேன்.

ஒரு மழை வியாழன் ஃபிலோமினா வந்தா, அவருடைய மனைவி.
உடைக்காத பொட்டலங்கள்
சொப்பிங் பையில், ஈரம் படாமல்.
'ஆருக்காவது உதவும்' என்றா.
திரும்பியது: 11 என்று எழுதினேன்.
காரணம் என்ற கட்டத்தில்
அதற்குரிய எண்.

உறைகளைத் திறக்க இன்னும் ஆறு மாதம்.
கணக்குப் பார்ப்பவர் கொள்ளுப்பிட்டியில்
இரும்பு அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்.

செய்யக்கூடாதுதான்.
எல்லோரும் போனபின்
ஒன்றின் மூலையைக் கிழித்து விரலில் தொட்டேன்.
மண். வைக்கோல்.
பிறகு அந்தக் கதிரை.

புல்லா, நான் சமைத்ததா?
தேத்தண்ணி குடித்தேன், போகவில்லை.
நூற்றிமுப்பத்தெட்டில் ஏறி
நுகேகொடை தாண்டும்வரை
நாக்கைப் பல்லில் உரசிக்கொண்டே வந்தேன்.

தெரியவில்லை.
அவ்வளவு திருத்தமாய்ச் செய்திருக்கிறேன்.