முப்பத்தாறில் ஒன்று குறைய

பீடோர், தீயணைப்பு நிலையத்துக்குப் பின்சந்து.
ராத்திரி ஒன்றரை. மழை விட்டும்
தகரம் சொட்டுகிறது.
இன்னாசியின் பள்ளி வேன் வாய்திறந்து கிடக்கிறது,
உள்ளே என் கைவிளக்கு.

கிராங்கின் முனையில் நான் பூட்டிய சக்கரம்:
முப்பத்தாறு பல்லுக்கு இடம், இருப்பது முப்பத்தைந்து.
ஒன்றை நானே அராவி எடுத்தேன்.
ஒவ்வொரு பல்லும் சென்சாரைத் தாண்டும்போது
சின்ன அலை ஒன்று எழுந்து விழும்.
எந்தப் பல் என்று அலைக்குத் தெரியாது.
எழாத அலைதான் சொல்லும்
பிஸ்டன் எங்கே நிற்கிறதென்று.

நிரலில் எழுதியது இவ்வளவுதான்:
முந்தின இடைவெளியைவிட
ஒன்றரை மடங்கு நீண்டால்
அதுதான் பொக்கை. அங்கிருந்து எண்ணு.
உச்சிக்குப் பத்துப் பாகை இருக்கையில் பொறி விடு.

டிரில் மிஷினில் மாட்டிச் சுற்றினேன்,
ஒரு மணி நேரம். ஒரு பல் பிசகவில்லை.

நேற்று விடியக்காலை நாலே முக்காலுக்கு
இன்னாசி சாவியைத் திருப்பினார்.
டங்.
எஞ்சின் பின்னுக்கு உதைத்து
ஸ்டார்ட்டரில் மூன்று பல் போயிற்று.
"பழைய டிஸ்ட்ரிபியூட்டர் கிழம்தான்.
ஆனா எட்டி உதைக்காது, தெரியுமா?"
நூற்றெண்பது ரிங்கிட், என் கணக்கில்.

இன்று அலையைத் திரையில் பிடித்துப் பார்க்கிறேன்.
டிரில்லுக்கு மூச்சு வாங்காது.
இந்த எஞ்சினுக்கு வாங்கும்:
பாட்டரி சோர்ந்து, காற்றை நெருக்கிக்கொண்டு
பிஸ்டன் மேலேறும் இடத்தில்
சக்கரம் தள்ளாடுகிறது, பல் தாமதிக்கிறது,
வந்துகொண்டுதான் இருக்கிறது.
என் வரியோ அதற்குள்
இல்லை என்று எழுதிவிட்டது.

ஒன்றரையை இரண்டுக்குப் பக்கத்தில் தள்ளினேன்.
போதாது.
நீண்டதற்கு அடுத்தது
சட்டென்று சுருங்கி வந்தால்தான் நம்பு.
இரண்டு முழுச் சுற்று எண்ணிக்கை ஒத்துவரும்வரை
பொறியே வேண்டாம்.
கிளம்ப அரை நொடி கூடும். கூடட்டும்.

நாலே முக்கால். இன்னாசி பேசாமல் திருப்புகிறார்.
உர், உர்ர்,
பிடித்துக்கொண்டது.
"ஏறு. நடுவழியில நின்னா நீதான் தள்ளணும்."

செம்பனைக்குள் இருட்டு. பதின்மூன்று பிள்ளைகள்.
எட்டாம் லயத்தில் ஹாரன் அடித்தார்;
கதவு திறக்கவில்லை.
மணி பார்த்து, போகலாமே என்றேன்.
"யாழரசி லீவுன்னா அவ அம்மா
வாசல் லைட்டை அணைச்சிருப்பா.
எரியுது பாரு."

எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது.
நான் ஏனோ சுற்றுகளை எண்ணத் தொடங்கி
விட்டுவிட்டேன்.

ஒரு காலில் சப்பாத்து,
மற்றது கையில்,
வாயில் பாதி ரொட்டியோடு
ஓடி வந்தாள்.