சிவப்புப் பட்டை

இனயத்தில் இன்றைக்குப் பதினேழாவது புகார்.
எச்சரிக்கை ஒத்திகை முடிந்து
இரண்டு மணி நேரமாயிற்று.
டெல்பின் அக்கா வீட்டுப் பெட்டி மட்டும்
அதே சிவப்புப் பட்டையில் உறைந்து கிடக்கிறது:
கடலுக்குச் செல்ல வேண்டாம்.

ரிமோட்டுக்கு அசையவில்லை.
கார்டைச் சட்டையில் துடைத்துப் போட்டேன்.
உப்புக்காற்று தின்ற கேபிள் முனையை நறுக்கிப்
புதிதாய் முறுக்கினேன்.
இனி பிளக்கைப் பிடுங்கிப்
பத்து எண்ணிச் சொருக வேண்டியதுதான்.

"டெஸ்ட் மெசேஜாக்கும். பேடிக்காண்டாம்."

"தெரியும் மக்கா.
அண்ணைக்கு இது வரல்லியே.
இப்பமாவது கொஞ்ச நேரம் கெடக்கட்டு."

பிளக்கில் இருந்த கையை எடுத்தேன்.
சட்டைப்பையில் போன் அடிக்கிறது,
அடுத்த தெரு சேவியர்:
சீரியல் தொடங்கிவிட்டதாம்,
எங்கே தொலைந்தாய் என்கிறான்.