பன்னிரண்டு பெருக்கல் குறி

புள்ளி மேசைக்குப் பின்னால் இருப்பவள் நான்.
ஒன்றாம் மூன்றாம் கால்பகுதிக்குச் சிவப்புப் பேனை,
இரண்டுக்கும் நாலுக்கும் நீலம்.
களமிறங்கும் ஒவ்வொருவர் பேருக்கு நேரேயும்
ஒரு பெருக்கல் குறி.
தொடக்க ஐவர் என்றால் குறியைச் சுற்றி ஒரு வட்டம்.
வெளியே வருவதற்குக் குறி இல்லை.
கருத்துச் சொல்ல மேசைக்கு அனுமதியும் இல்லை.

சனிக்கிழமை பின்னேரம் தொடக்கம்
மட்டக்களப்பு முழுக்கக் கருத்துத்தான்.

யாழ்ப்பாணத்தாரை விடப் பதினாலு புள்ளி முன்னுக்கு.
மூன்றாம் கால்பகுதியில் ஐந்து நிமிஷம் மிச்சம்.
பாத்தலோட் மாஸ்டர் எழும்பினார்,
ஓடிக்கொண்டிருந்த ஐந்து பேரையும் இருத்தினார்.
வாங்கில் இருந்த ஏழு பேரும் மாறி மாறி இறங்கினார்கள்.
தண்ணிப் போத்தல் நீட்டுவதிலும் துவாய் மடிப்பதிலும்
தேர்ந்த பொடியன்கள்.
கடைசியாய் இறங்கிய பதினைந்தாம் இலக்கம், யதுர்ஷன்,
சப்பாத்து நாடாவை மூன்று தரம் அவிழ்த்துக் கட்டினான்.
நாலு வருஷத்தில் முதல் தரம்
என் தாளில் பன்னிரண்டு பேருக்கும் குறி விழுந்தது.

ஒரு புள்ளியால் தோற்றோம்.

கோட்டைமுனைத் தேத்தண்ணிக் கடையில்:
"கைக்கு வந்த மெச்சக் கொண்டுபோய்
வாவிக்குள்ள போட்டுட்டான் மனிசன்."

அரசடிச் சலூனில் கத்தரிக்கோல் பாதியில் நிற்க, தவநீதன்:
"போன வருஷம் பைனல்ல மூணு பேர் பவுலாகி வெளிய போக,
உள்ள வந்தவனுக்கு எங்க நிக்கிற எண்டே தெரியல்ல.
அதுக்கு ஆர் பொறுப்பு? சொல்லுங்க பாப்பம்."
சொல்லவேண்டியவர் தலை
அவர் கைக்குள் இருந்தது.

ஐந்தாம் இலக்கத்தின் அம்மா, மருந்துக்கடை வரிசையில்:
"கொழும்பில இருந்து தெரிவுக்காரங்க வந்து இருந்தவங்ககா.
பதிமூணு நிமிஷம் என்ட புள்ள
துவாயப் போத்திக்கிட்டு இருந்தான்."
இதற்கு வரிசையில் ஒருத்தரும் பதில் சொல்லவில்லை.
எனக்கும் இல்லை.

பன்னிரண்டாம் இலக்கத்தின் வாப்பா முஸம்மில்
காத்தான்குடியில் புடைவைக் கடை வைத்திருப்பவர்:
"எடுபிடிப் பொடியனுக்கும் ஒரு நாளைக்குக்
கல்லாப்பெட்டிச் சாவியக் குடுத்துப் பாக்கணும்தான்.
பெருநாளைக்கு முதல் நாள் குடுக்கிறதா?"
என்றவர் தானே சிரித்து,
"மகன் நல்லா விளையாடினான், என்ன?" என்றார்.

திங்கட்கிழமைப் பயிற்சி.
தாளின் பிரதியைக் கொடுக்கப் போனேன்.
பந்தை இடுப்பில் அணைத்தபடி யதுர்ஷன்
மாஸ்டருக்கு முன்னால் நின்றான்.

"பாவம் பாத்தா இறக்கின நீங்க, சேர்?"

"பாவம் பாத்திருந்தா
நாப்பது புள்ளி முன்னுக்கு நிக்கக்குள்ள இறக்கியிருப்பன்."

"அப்ப ஏன் கடைசி ரெண்டு நிமிஷம்
எங்கள எடுத்த நீங்க?"

ஊரில் ஒருவரும் கேட்காத கேள்வி.
மாஸ்டர் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். ஊதவில்லை.
அங்கால் வளையத்தில் யாரோ எறிந்த பந்து
சுற்றிச் சுற்றி வெளியே விழுந்தது.

வீட்டில் தாளை மறுகா விரித்தேன்.
அவர்களை எடுக்கும்போது 61க்கு 58.
முன்னுக்குத்தான் நின்றிருக்கிறோம்.
உடம்பு ஆறிப்போய்த் திரும்பி வந்த ஐவர்
ஒரேயொரு புள்ளி எடுத்து, ஐந்தைக் கொடுத்தார்கள்.
ஆனால் பதினாலை மூன்றாக்கியது வாங்குதானே.
சிவப்பால் கூட்டினேன், நீலத்தால் கூட்டினேன்,
கணக்கு ஒரு பக்கமும் சாயவில்லை.
அவன் கூவிக் கூவி மற்றவர்களை இடம் மாற்றியதற்கும்
விழுந்தவனைத் தூக்கியதற்கும்
தாளில் பெட்டி கிடையாது.

அடுத்த சனி, கல்முனை அணியோடு.
மேசை போட்டாயிற்று. பேனைகளைக் கிறுக்கிப் பார்த்தாயிற்று.
தொடக்க ஐவரின் பெயரை
மாஸ்டர் இன்னும் சொல்லவில்லை.
வாங்கின் ஓரத்தில் குனிந்திருக்கிறான் யதுர்ஷன்.
நாடாவை ஒரு தரம்தான் கட்டினான்.